எதிர் வெளிச்சம்

"இன்னும் கொஞ்சம் மேல புடி. முடியில இல்ல, தலையில."

நூலின் மறுமுனையிலிருந்து அங்கெலினா சொன்னாள். நேற்று மதியத்துக்குப் பிறகு தம்பி மனைவியிடம் அவள் வாய்திறந்தது இதுதான் முதல் தடவை. அதையும் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, நூலைப் பார்த்துச் சொன்னாள். டொம்னிக்கா நூலைத் தன் கணவரின் உச்சந்தலையில் வைத்து விரலால் அழுத்திப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. விரலை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக உடனே வெட்கப்பட்டாள்.

பெரிய அறை மேசையின்மேல், வாசல் பக்கம் கால் நீட்டி, காவ்ரில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் போட்டாகிவிட்டது. காலில் மட்டும் வெறும் சாம்பல் நிறக் காலுறை. அவரிடம் இருந்த நல்ல ஷூ ஒரே ஜோடி. அதில் ஒன்று அடுப்படியில் கிடந்தது. மற்றது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

அங்கெலினா குதிகாலில் நூலை இழுத்துக் கத்தரித்தாள். பக்கத்து வீட்டுப் பாராஸ்கீவா சமையலறையில் வெந்நீரில் தேன்மெழுகை இளக்கிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"என்னா நீளம். இந்த உடம்ப மடக்கித்தான் இத்தனை வருஷம் பஸ் ஓட்டினானா?"

பதில் வருகிறதா என்று பாராஸ்கீவா பார்க்கவும் இல்லை. கல்யாண வீடோ சாவு வீடோ, பேச்சை நிறுத்தினால் அவளுக்கு மூச்சு நின்றுவிடும்.

ஆள் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்குத் திரி அளந்து, அதை மெழுகில் உருட்டி, நத்தை ஓடு மாதிரி சுருட்டி நெஞ்சின்மேல் வைத்து ஏற்றுவார்கள். மண்ணுக்குப் போகும்வரை அது கொஞ்சம் கொஞ்சமாக எரியும். ஆனால் இது செத்த பிறகு ஏற்றுவது. சாகிறபோது கையில் பிடிக்கக் கொடுக்கும் மெழுகுவர்த்தி வேறு. உயிர் உடம்பைவிட்டுக் கிளம்பும் அந்த நேரத்தில் கையில் சுடர் இருக்க வேண்டும். மேலே போகிற வழி இருட்டு. வழியெங்கும் சுங்கச்சாவடிகள். ஒவ்வொன்றிலும் கெட்ட ஆவிகள் வழிமறித்து, செய்த பாவத்துக்குக் கணக்குக் கேட்கும். வெளிச்சம் இல்லாமல் போனவன் அங்கே தட்டுத் தடுமாறி நிற்பான். இந்தப் புக்கோவினா மலைநாட்டில் பிறந்த பெண்களுக்கு இதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'நீ வெளிச்சமில்லாமல் சாவாய்' என்பதுதான் அந்தப் பக்கத்தில் மனிதன் மனிதனுக்குக் கொடுக்கக்கூடிய கடைசிச் சாபம். சாராயக்கடைச் சண்டையில்கூட அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போய்விடும்.

காவ்ரிலுக்கு அந்தச் சாவுதான் வாய்த்தது. அப்படி ஆக்கியவள் டொம்னிக்கா. தெருவே நின்று பார்த்தது.

நேற்று மதியம் அவர் பள்ளிக்கூட பஸ்ஸை வேலியோரமாக நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அடுப்படி முக்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினார். "இந்த முடிச்சு சிக்கிக்கிச்சு, குனிய முடியல, கொஞ்சம் அவுத்து விடேன்" என்றார். டொம்னிக்காவின் கை முழுக்க மாவு. "இதோ வர்றேன்" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு திரும்பினால், அவர் சுவரில் சாய்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது.

அவள் போன் செய்தாள். பிறகு மூலையில் இருந்த திருவுருவப் படத்தின் முன்னால் போய் நின்றாள். என்ன ஜெபித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வெறுமனே 'ஆண்டவரே, ஆண்டவரே' என்றுதான் வாய் சொல்லியது. அப்போது உள்ளே ஓர் அமைதி வந்தது. கொதிக்கிற பாலில் தண்ணீர் தெளித்ததுபோல எல்லாம் சட்டென்று அடங்கியது. இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அப்படி வந்திருக்கிறது. மகள் ஒட்டிலியாவுக்கு நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, டாக்டர்கள் கைவிரித்த ராத்திரியில். விடிந்தபோது குழந்தை பால் கேட்டது. அதனால் டொம்னிக்காவுக்கு இந்த அமைதியின் அர்த்தம் தெரியும். இவர் பிழைத்துவிடுவார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஆம்புலன்ஸ் அதிசயமாகச் சீக்கிரம் வந்தது. முற்றத்துச் சேற்றில் ஸ்ட்ரெச்சரை இறக்கி, அவரைப் படுக்கவைத்து, முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். அப்போதுதான் எதிரே கோவிலிலிருந்து அங்கெலினா ஓடிவந்தாள். கோவில் வாசலில் மெழுகுவர்த்தி விற்பவள் அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியை எடுத்து வளர்த்தவள். அவள் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் இருக்கும். வந்தவள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி முகத்தைப் பார்த்தாள், உள்ளங்கையைக் குவித்துத் தீக்குச்சியைக் கிழித்தாள்.

"அம்மா, ஆக்சிஜன் ஓடுது, நெருப்பக் கிட்ட கொண்டாராதீங்க" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

"ஒரு நிமிஷம் அத நிறுத்துப்பா. அவன் கையில குடுத்துக்கறேன்."

டொம்னிக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். மெல்லத் தள்ளவில்லை, ஓங்கி அடித்தாள். மெழுகுவர்த்தி பறந்து போய்ச் சேற்றில் விழுந்து 'சுர்' என்று அணைந்தது.

"அவர் சாகல அண்ணி. உசுரோட இருக்கறவருக்கு எதுக்கு இது?"

ஸ்ட்ரெச்சரை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். வீட்டு ஆட்களை உள்ளே ஏற்றிக்கொள்ள முடியாது என்றார்கள். பாராஸ்கீவாவின் மகன் காரில் டொம்னிக்கா பின்னாலேயே போனாள். வழியில் அவளுக்குப் பயமே இல்லை. பைஜாமா, செருப்பு, சவரக்கத்தி, எல்லாம் எடுத்துவைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சூப் அவருக்குப் பிடிக்காதே, நாளைக்கு என்ன செய்து எடுத்துவரலாம் என்று யோசித்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி வந்து, "வழியிலேயே போயிட்டாரும்மா" என்றாள்.

"சரி. எந்த வார்டு?" என்று கேட்டாள் டொம்னிக்கா.

டாக்டரம்மா மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை சொன்னபோது தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். டொம்னிக்கா தலையைத் தலையை ஆட்டினாள். பையிலிருந்து செருப்பை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

அவள் இன்னும் அழவில்லை. அழுகை வரும் வழியில் ஏதோ ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடியைத் துணிபோட்டு மூடினாள். காலையில் வழக்கம்போல இரண்டு கோப்பையில் காப்பி ஊற்றி, இரண்டையும் வைத்துவிட்டு, எதையும் குடிக்காமல் போய்விட்டாள். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கிணற்றுக்கு உள்ளிருந்து கூப்பிடுவதுபோலக் கேட்டது.

மகள் ஒட்டிலியாவும் அந்த வெளிச்சத்தைப் பற்றித்தான் கேட்டாள். வெளிநாட்டில், டூரின் நகரத்தில், அவள் ஓட்டலில் வேலை பார்க்கிறாள். போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அங்கே அவள் கோவில் இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. போனில் அழுது தீர்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவள் முதலில் கேட்ட கேள்வி:

"அம்மா, அப்பா கையில வெளிச்சம் இருந்துச்சில்ல?"

"பஸ்ல வர்றப்ப ஏதாச்சும் வாங்கிச் சாப்பிடு, வெறும் வயித்தோட வராத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள் டொம்னிக்கா. நாளைக் காலையில் மகள் வந்து நிற்பாள். அப்போது சூப்பையும் பஸ்ஸையும் காட்டித் தப்பிக்க முடியாது.

*

பாதிரியார் நிகிஃபோர் மதியத்துக்கு மேல் வந்தார். நாற்பது வயதுக்காரர், நல்ல மனுஷன். மலை வழியெல்லாம் மார்ச் மாதச் சேறு, இந்த வாரத்தில் இது அவருக்கு மூன்றாவது சாவு, போதாததற்கு ஜலதோஷம். தூபம் போட்டு ஜெபித்தார். அங்கெலினா சுருட்டிவைத்த மெழுகுதிரியைத் தன் கையால் ஏற்றினார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து 'நித்திய நினைவு' பாடினார்கள். அங்கெலினாவின் குரல் எல்லோரையும் தாண்டி உயர்ந்து ஒலித்தது. டொம்னிக்காவின் வாய் திறக்கவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்திருந்ததால் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பாராஸ்கீவா கவனித்துவிட்டாள்.

பிறகு சமையலறையில் சாப்பாடு. தபசுகாலம், இறைச்சி கிடையாது. அவித்த பீன்ஸ், அரிசி அடைத்த முட்டைக்கோஸ், ஊறுகாய், ரொட்டி. ஆண்கள் முற்றத்தில் பிளம் சாராயத்தோடு நின்றார்கள். உள்ளே பாதிரியாரும் நாலைந்து பெண்களும். அங்கெலினா மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றையும் வாயில் போடாமல்.

டொம்னிக்கா பீன்ஸ் சட்டியை இறக்கிவைத்தவள் அப்படியே நின்றாள்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"வெளிச்சம் இல்லாம போனவரு கதி என்ன?"

பாதிரியார் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மெழுகா வழி காட்டுது? கிறிஸ்து காட்டறாரு. அவருதான் வெளிச்சம்."

"அப்ப மெழுகுவர்த்தி வேண்டாமா?"

"வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்?"

"வேணுமா?"

"இருந்தா நல்லது" என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"இருந்தா நல்லதுன்னு உப்புக்குத்தான் சொல்வாங்க" என்று பாராஸ்கீவா பக்கத்தில் இருந்த மில்காரர் மனைவியிடம் கிசுகிசுத்தாள். அது எல்லோருக்கும் கேட்டது.

டொம்னிக்காவுக்கு மட்டும் அது காதில் விழவில்லை. அவள் பாதிரியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு தானாக வந்தது, நேற்றிலிருந்து முதல் தடவையாக.

"நான் நம்பினேன் சாமி. ஜெபம் பண்ணேன், மனசு அமைதியாச்சு, பொழச்சுக்குவாருன்னு நம்பினேன். அதான் அண்ணி கையத் தட்டிவிட்டேன். எனக்கு விசுவாசம்னு ஒண்ணு இல்லாம இருந்திருந்தா, இந்நேரம் அவரு கையில வெளிச்சத்தோட போயிருப்பாரு. என் விசுவாசந்தான அவர இருட்டுல அனுப்பிச்சுது? இனிமே நான் எத வச்சு ஜெபம் பண்றது?"

புத்தகத்தில் படித்த பதில்கள் பாதிரியாரிடம் நிறைய இருந்திருக்கும். ஆனால் அதில் ஒன்றையும் எடுத்து இந்தப் பெண்ணின் முன்னால் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

அங்கெலினா எழுந்து, மெழுகுதிரியைப் பார்த்துவிட்டு வருவதாக யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டுப் பெரிய அறைக்குப் போனாள். டொம்னிக்கா அவள் போன வாசலையே பார்த்தாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்த அண்ணிதான் அவளைக் கல்யாணமாகி வந்த நாளில் கைப்பிடித்து வீட்டுக்குள் அழைத்துவந்தவள். தம்பியையும் எடுத்துக்கொண்டு, அவன் போகிற வழியையும் இருட்டாக்கியவளிடம் அவள் என்ன பேசுவாள்?

வெளியே நாய் குரைத்தது. முற்றத்துப் பேச்சு அடங்கியது. ஜன்னலோரம் இருந்த மில்காரர் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இதென்ன, ஆம்புலன்சு வந்து நிக்குது. செத்தவரத் திரும்பக் கூட்டிட்டுப் போகவா?"

சைரன் இல்லாமல் வேலியோரம், பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் பின்னால், அது நின்றிருந்தது. சிவப்புச் சீருடை போட்ட ஒருவர் இறங்கிவந்தார். நேற்று வந்தவர்தான். தொப்பியைக் கழற்றியதும் நரைத்த தலை தெரிந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. சமையலறை வாசலில் வந்து நின்றவர், எல்லோருடைய கண்ணும் தன்மேல் இருப்பதைப் பார்த்து உள்ளே வரத் தயங்கினார்.

"செவெரின்னு என் பேரு. நேத்து நான்தான்..." என்று ஆரம்பித்து, பையை டொம்னிக்காவிடம் நீட்டினார். "ஸ்ட்ரெச்சருக்கு அடியில கெடந்துச்சுக்கா. இன்னைக்குக் கழுவறப்பதான் பாத்தோம். பொட்டியில வைக்கறப்ப தேடுவீங்களேன்னு கொண்டாந்தேன்."

உள்ளே மற்ற ஷூ இருந்தது. முடிச்சு அப்படியே சிக்கியபடி. டொம்னிக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டுப் போங்க" என்றாள். பிறகு, "நீங்க உள்ள அவரு பக்கத்துலயா இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"ரொம்ப வலிச்சுதா?"

"மொதல்ல இருந்துச்சு. ஊசி போட்டதும் கொறஞ்சுது. ஆத்துப் பாலம் வரைக்கும் முழிச்சுத்தான் இருந்தாரு."

"ஏதாச்சும் சொன்னாரா?"

அந்த ஆள் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பாதிரியாரைப் பார்த்தார்.

"சொன்னாரு. ஆனா ஜெபமோ, உங்க பேரோ இல்ல. அத வந்து சொல்லலாமான்னே எனக்குத் தெரியல."

"சொல்லுங்க."

"கண்ணுல டார்ச்சு அடிச்சுப் பாப்போம்கா, கண்ணு பாப்பா சுருங்குதான்னு. பேனா அளவு டார்ச்சு. இப்படிக் குனிஞ்சு ஒரு கண்ணத் தொறந்து அடிச்சேன். மனுஷன் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு, அந்த மாஸ்க்குக்குள்ளயிருந்து, 'டிம் பண்ணுய்யா, எதிர ஆள் வர்றது தெரியல?' அப்படின்னாரு. நல்லாத் தெளிவா சொன்னாரு. சரிய்யான்னு சொல்லிட்டு நான் அடுத்த கண்ணுக்குப் போறதுக்குள்ள நின்னு போச்சு. பாலத்துலேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் நெஞ்ச அமுக்கிக்கிட்டே போனேன். திரும்பல."

செவெரின் தொப்பியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்கு அப்படிச் சொன்னாருன்னு நானும் எங்க டிரைவரும் ராத்திரி பூரா பேசிக்கிட்டிருந்தோம். அவரு என்ன வேலை பாத்தாருக்கா?"

பெரிய அறையின் வாசலிலிருந்து பதில் வந்தது.

"பஸ் டிரைவரு" என்றாள் அங்கெலினா. "உன் வண்டிக்கு முன்னால நிக்குது பாரு. அவன் பஸ்ஸு."

அந்த மலைப்பாதையில் இருபது வருஷமாகக் காவ்ரிலுக்கு இருந்த ஒரே எதிரி, எதிரே வருகிறவன் டிம் பண்ணாமல் போட்டுக்கொண்டு வரும் முழு ஹெட்லைட் வெளிச்சம். மற்றபடி ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். அது மட்டும் கண்ணில் பட்டால் போதும், பஸ்ஸில் குழந்தைகள் இருப்பதைக்கூட மறந்து ஜன்னலை இறக்கிவிட்டுத் திட்டுவார். குழந்தைகள் அந்தத் திட்டைக் கற்றுக்கொண்டு போய் வீட்டில் சொல்லி, தாய்மார்கள் டொம்னிக்காவிடம் வந்து முறையிட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அதற்குப் பாவமன்னிப்புக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை மறுபடி திட்டுவார்.

டொம்னிக்காவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் அழுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் சிரித்தாள். ஷூவைக் கட்டிக்கொண்டு, தோள் குலுங்க, வெட்கமில்லாமல் சிரித்தாள். நேற்றிலிருந்து வராத அழுகை அந்தச் சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. முக்காலியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். பாராஸ்கீவா வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்படிப் பிடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"அப்ப போற நேரத்துல கண்ணுல வெளிச்சம் இருந்திருக்குல்ல."

"டார்ச்சு வெளிச்சம்டி அது" என்றாள் மில்காரர் மனைவி.

"டார்ச்சுன்னா வெளிச்சம் இல்லையா? கண்ணு கூசுற அளவுக்கு இருந்திருக்கு. எந்த மெழுகுவர்த்தியப் பாத்து எவன் கண்ணு கூசியிருக்கான்?"

"மெழுகு தேனீ செஞ்சது, கடவுளோட பூச்சி. பேட்டரி சீனாக்காரன் செஞ்சது."

"சீனாக்காரன யாரு செஞ்சாங்களாம்?"

"கையில புடிக்கறதுதான முறை. கண்ணுல அடிச்சா கணக்குல வருமா?"

"சாமி, நீங்க சொல்லுங்க. வருமா, வராதா?"

எல்லோரும் பாதிரியாரைப் பார்த்தார்கள். அவர் பீன்ஸ் கரண்டியை வாய்க்குப் பாதி வழியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெழுகு வழி காட்டாது என்று சொன்ன வாய், டார்ச் வழி காட்டும் என்று எப்படிச் சொல்வது? கரண்டியை இறக்கினார்.

டொம்னிக்கா அழுகைக்கு நடுவே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கணக்கில் வருமா வராதா என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் படத்துக்கு முன்னால் நின்றபோது வந்த அந்த அமைதி நினைவுக்கு வந்தது. அவர் பிழைப்பார் என்று அது சொல்லவே இல்லை. பயப்படாதே என்று மட்டும் சொல்லியது. அதற்கு மேல் சேர்த்துக்கொண்டது அவள்தான். தன் கை தட்டிவிட்ட பிறகும், முன்பின் தெரியாத ஒரு மனிதர் அவர் முகத்துக்கு நேரே குனிந்து ஒரு வெளிச்சத்தைப் பிடித்திருக்கிறார். சரிய்யா என்று பதிலும் சொல்லியிருக்கிறார். காவ்ரில் தனியாகப் போகவில்லை. இதை நாளைக்கு ஒட்டிலியாவிடம் சொல்லலாம், கண்ணைப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

செவெரின் தன்னால்தான் இந்த வீட்டில் சண்டை மூண்டுவிட்டது என்று பயந்து, மெல்லப் பின்வாங்கி முற்றத்தில் இறங்கிவிட்டார்.

"தம்பி, நில்லு."

அங்கெலினா பெரிய அறையிலிருந்து வேகமாக வந்தாள். நாளைய ஊர்வலத்துக்காக அவள் தன் பெட்டியிலிருந்து கொண்டுவந்து அடுக்கியிருந்த புதுத் துண்டுகளில் ஒன்று கையில் இருந்தது. வெள்ளை, சிவப்புக் கரை போட்டது. சிலுவை தூக்குகிறவருக்கு ஒன்று, குழி வெட்டுகிறவர்களுக்கு ஒவ்வொன்று என்று சாவு வீட்டில் கையில் கட்டிவிடுவார்கள். பாதிரியார், பாராஸ்கீவா, எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். டொம்னிக்காவும் ஷூவோடு எழுந்து வந்தாள்.

"கைய நீட்டு."

"எதுக்கும்மா?"

"வெளிச்சம் புடிச்சவனுக்குக் கட்டறது."

"நான் டார்ச்சுதானம்மா அடிச்சேன். அது என் வேல."

"கைய நீட்டுன்னு சொன்னேன்."

அந்த ஆள் கையை நீட்டினார். அங்கெலினா சிவப்புச் சீருடையின் கைமேல், முழங்கைக்கு மேலே, துண்டைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். போதவில்லைபோல, இன்னொரு முடிச்சும் போட்டாள். பாதிரியார் தலை குனிந்து சிலுவை போட்டுக்கொண்டார். பாராஸ்கீவாவுக்குப் பேச்சு வரவில்லை.

வண்டிக்குள் ரேடியோ கரகரத்தது. டிரைவர் ஹார்னை ஒரு தடவை அழுத்திக் கையைக் காட்டினார். மேலே மரம் அறுக்கும் ஊரில் யாருக்கோ முடியவில்லையாம். செவெரின் நாலு எட்டில் ஓடி ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

அங்கெலினா டொம்னிக்காவின் பக்கத்தில் வந்து நின்றாள். தோள் உரசும் அளவுக்கு நெருங்கி நின்றாள்.

"துண்டு கதவுல மாட்டிக்கிச்சு பாரு. புதுசு, இன்னும் தண்ணிகூடப் படல. கிழிச்சிடுவான்."

"கிழிஞ்சா கிழியட்டும் அண்ணி."

ஆம்புலன்ஸ் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு கிளம்பியது. கதவிடுக்கில் வெளியே தொங்கிய துண்டின் முனை, சிவப்புக் கரையோடு, காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே போயிற்று. கோவில் மூலையில் அது திரும்பி மறையும்வரை இருவரும் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.